இருபத்தேழாந்தேதி

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. ஹூப்ளி, ராய்ச்சூர் பக்கம் சூரியன் முழுதாக மறைந்த நாள். எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் முழுதாக இல்லை, பெரும்பகுதி மறைந்தது. மதியச் சோற்றைச் சீக்கிரமே முடித்து, மிச்சத்தைக் கோழிக்குப் போட்டு, குடிதண்ணீர்ப் பானையில் தர்ப்பைப் புல்லைக் கிள்ளிப் போட்டுவிட்டு அப்பத்தா முற்றத்துக்கு வந்தாள். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர். அம்மா உலக்கையைத் தூக்கி வந்து கொடுத்தார். அதைத் தாம்பாளத்தின் நடுவில் நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, ஒவ்வொரு விரலாக விலக்கினாள் அப்பத்தா. உலக்கை தானாக நின்றது.

நான் ஒன்பதாம் வகுப்பு. கண்ணால் பார்த்தேன். ஐந்தடி உலக்கை எந்தப் பிடிமானமும் இல்லாமல் நிற்கிறது. கிரகணம் பிடித்திருப்பதால் நிற்கிறது என்றும், விட்டதும் விழுந்துவிடும் என்றும் அப்பத்தா சொன்னாள்.

"நாளைக்கு நிறுத்துனா நிக்காதா அப்பத்தா?"

"நாளைக்கு எதுக்குடா நிறுத்தணும்? நாளைக்குத்தான் கிரகணம் இல்லையே."

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. சாயங்காலம் கிரகணம் விட்டதும் தலைமுழுகப் போகும் அவசரத்தில் அவளே உலக்கையைக் கையால் எடுத்துச் சுவரில் சாத்திவிட்டாள். அது தானாக விழுமா என்று பார்க்க யாரும் காத்திருக்கவில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் ஆசிரியர் கிரகணத்தைப் பற்றிக் கேட்டார். எழுந்து நின்று, "எங்க வீட்ல உலக்கை நின்னுச்சு சார்" என்றேன். "அதெல்லாம் மூடநம்பிக்கை, உட்காரு" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குக் குழப்பமாக இருந்தது. நின்றதை நான் பார்த்திருந்தேன். அதில் எது மூடநம்பிக்கை? நின்றதா, நின்றதற்குச் சொன்ன காரணமா? அவர் பிரித்துச் சொல்லவில்லை. பள்ளிக்கு எதிர்வீட்டுத் திண்ணையிலேயே ஓர் உலக்கை கிடந்தது. "போய் எடுத்து வாங்கடா, இன்னைக்கு நிக்குதான்னு பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அப்பத்தா சொன்னதை நம்பியதுபோலவே ஆசிரியர் சொன்னதையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதே ஆண்டில்தான் மெழுகுவர்த்திச் சோதனை. எங்கள் தலைமுறையில் படித்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்த்த மணிச்சாடி. சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதற்கு அது நிரூபணம். சோதனைப் பொருள்கள் ஆண்டு முழுக்க அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். கண்ணாடிக் கதவு வழியாக எத்தனையோ முறை எட்டிப் பார்த்த மணிச்சாடி அன்றைக்கு வெளியே வந்தது. அறுபது பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி.

"தண்ணி ஏறிச்சா?"

"ஏறிச்சு சார்."

"எவ்வளவு?"

"அஞ்சுல ஒரு பங்கு சார்!"

அளக்கவே இல்லை. சாடியில் அளவுகோடும் கிடையாது. முதல்நாளே பாடத்தைப் படித்துவிட்டதால் எல்லாருக்கும் விடை தெரிந்திருந்தது.

எங்கள் ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் எழுத்து, இடப்பக்கம் பென்சில் படம். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்று தலைப்புகள். தமிழில் அறிவியல் எழுத வந்தவர்கள் நமக்குத் தந்த சொற்களிலேயே இந்தக் கடைசி இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை. கண்டது வேறு, அறிந்தது வேறு என்று இரண்டு சிறு சொற்களில் வகுத்து வைத்தார்கள். நான் முன்வரிசையில் இருந்ததால் சாடியைக் கவிழ்த்தபோது விளிம்பிலிருந்து குமிழிகள் குபுகுபுவென்று வெளியேறியதைப் பார்த்தேன். அதனால் காண்பனவில், "சாடியின் விளிம்பிலிருந்து காற்றுக் குமிழிகள் வெளிவந்தன" என்று ஒரு வரி சேர்த்தேன். நோட்டு திரும்பி வந்தபோது அந்த வரியின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், "தேவையில்லை."

அந்த ஆசிரியர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். நான் 1990இல் ஆசிரியர் வேலைக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிவப்பு மைப் பேனா பிடித்தேன். அதில் பெரும்பாலான ஆண்டுகள் குமிழியை எழுதிய பிள்ளைகளின் வரிகளை நானும் அடித்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் என்று கணக்கு வைக்கவில்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. இந்த முறை கிரகணம் எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. கோவை, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று வளையக் கிரகணத்தின் பாதை தமிழ்நாட்டைக் குறுக்காகக் கடந்தது. காலை ஒன்பதரை மணியளவில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாகத் தெரியப் போகிறது. அரையாண்டு விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முதல்நாள் எட்டாம் வகுப்பில் அதைப் பற்றிப் பேசினேன். வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது, அதற்கென்று உள்ள கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "உலக்கை நிக்கும்னு வீட்ல சொல்வாங்களே, கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றேன். பாதிக் கைகள் உயர்ந்தன. மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் படம் பார்த்திருந்தார்கள்.

1980இல் நான் உட்கார்ந்த இடத்தில் அவர்களை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. மூடநம்பிக்கை என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரு தாளில் கட்டம் போடச் சொன்னேன். தேதி, நேரம், யார் நிறுத்தியது, எத்தனையாவது முயற்சியில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது. 26ஆம் தேதி நிறுத்துங்கள். அதே உலக்கையை, அதே தட்டில், அதே ஆள், அதே நேரத்துக்கு 27ஆம் தேதியும் நிறுத்துங்கள். கிரகணம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் மாறக் கூடாது.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது முதல் செய்தி, உலக்கை கிடைக்கவில்லை என்பதுதான். நெல் அரைக்கும் மில்லும் மிக்ஸியும் வந்த பிறகு அது யாருக்குத் தேவை? முப்பத்திரண்டு பிள்ளைகள் ஊரெல்லாம் தேடி மூன்று உலக்கைதான் அகப்பட்டிருக்கிறது. நான் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்கு வீடு உலக்கை இருந்தது. மறுநாள் நிறுத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று உலக்கை நிற்கும் படம் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. நிறுத்திப் பார்க்கத்தான் உலக்கை இல்லை.

அகப்பட்ட மூன்றில் இரண்டு 26ஆம் தேதி நின்றன, ஒன்று நிற்கவில்லை. 27ஆம் தேதியும் அதே இரண்டு நின்றன, அதே ஒன்று நிற்கவில்லை. நின்றவை பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. எனக்கு நிற்காத உலக்கைதான் பெரிய செல்வமாகத் தெரிந்தது. அதையும் நின்றவற்றில் ஒன்றையும் வகுப்புக்கே கொண்டுவரச் சொன்னேன். அடியில் இருக்கும் இரும்புப் பூணில் சாக்பீஸ் பொடியைத் தடவி, கறுப்புத் தாளின்மேல் வைத்து எடுத்தோம். நின்ற உலக்கை முழு வட்டம் பதித்தது. நிற்காதது பிறை பதித்தது. பூண் ஒருபக்கம் தேய்ந்து போயிருந்தது.

பிறகு கணக்கு. உலக்கை அறுபது அங்குலம், அடிவட்டம் இரண்டு அங்குல அகலம். எடையின் நடுப்புள்ளி ஏறக்குறைய முப்பது அங்குல உயரத்தில். அங்கிருந்து நேர்கீழே விடும் கோடு அடிவட்டத்துக்குள் விழும்வரை உலக்கை விழாது. அப்படியானால் சாயக்கூடிய அளவு எவ்வளவு? ஒரு பக்கத்துக்கு இரண்டு டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் பதறாத கை வேண்டும், பொறுமை வேண்டும், காற்றில்லாத இடம் வேண்டும். கிரகணத்தன்று மட்டும்தான் வீடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்காக உட்கார்கிறது. மற்ற நாளில் எந்த வீட்டில் அதற்கு நேரம் இருக்கிறது?

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "எங்க அப்பத்தா பொய் சொல்லல சார். நின்னுச்சுன்னு சொன்னாங்க, நின்னுச்சு. ஆனா மறுநாளு நிறுத்திப் பாக்கல, அவ்ளோதான்."

முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில் அது. என் அப்பத்தாவின் காண்பனவில் ஒரு பிழையும் இல்லை. அறிவனவுக்குப் போகும் வழியில்தான் ஒருநாள் குறைந்திருந்தது.

அந்த வகுப்பில் 'இருபத்தேழாந்தேதி' என்பது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. பாடநூலில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று இருக்கும். பிள்ளைகள் அதைச் சொல்லவே இல்லை. பச்சைப்பயறு முளைக்க வெளிச்சம் வேண்டுமா என்று பார்க்க, ஒரு கொட்டாங்கச்சியை ஜன்னலிலும் இன்னொன்றை மூடிய பெட்டியிலும் வைத்தபோது, "பெட்டிக்குள்ள இருக்கிறது இதோட இருபத்தேழாந்தேதி" என்றார்கள். முளைக்காது என்று பந்தயம் கட்டிய பெட்டிப் பயறு, ஜன்னல் பயறைவிட நெடுநெடுவென்று, வெளிறிப்போய் வளர்ந்து நின்றது. முளைக்க வெளிச்சம் வேண்டாம், பச்சை பிடிக்கத்தான் வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள்.

பிப்ரவரி முதல் வாரம் நான் மெழுகுவர்த்திப் பாடத்துக்கு வந்தேன். முப்பது வருடப் பழக்கம். கவிழ்த்தேன், அணைந்தது, ஏறியது, ஐந்தில் ஒரு பங்கு என்றேன். முன்வரிசையில் ஒரு சிறுமி கை தூக்கினாள்.

"சார், இதுக்கு இருபத்தேழாந்தேதி எது?"

வகுப்பு என்னைப் பார்த்தது. என்னிடம் பதில் இல்லை. அதை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. "தெரியலம்மா. நீயே சொல்லு" என்றேன். அவள் யோசித்துவிட்டு, பாட்டிலை மாற்றாமல் மெழுகுவர்த்தியின் எண்ணிக்கையை மட்டும் மாற்றலாம் என்றாள். ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்துக்குத்தான் தண்ணீர் ஏறுகிறது என்றால், ஒன்று எரிந்தாலும் மூன்று எரிந்தாலும் பாட்டிலில் இருக்கும் ஆக்சிஜன் ஒன்றுதானே, தண்ணீர் ஒரே அளவுதானே ஏற வேண்டும்?

கருதுகோள் என்ற சொல்லைப் பலகையில் நூறு தடவை எழுதிப் போட்டிருக்கிறேன். அது ஒரு பிள்ளையின் வாயிலிருந்து உயிரோடு வந்ததை அன்றுதான் கேட்டேன்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பதினைந்து சென்டிமீட்டர் உயரம். பக்கவாட்டில் காகிதத்தில் அளவு எழுதி ஒட்டினோம். குழு குழுவாகச் செய்தார்கள். ஒரு மெழுகுவர்த்திக்கு இரண்டரை, மூன்று. இரண்டுக்கு நாலரை. மூன்றுக்கு ஆறரை. ஐந்தில் ஒரு பங்கு என்றால் எல்லாவற்றுக்கும் மூன்றில் நின்றிருக்க வேண்டும். ஒற்றை மெழுகுவர்த்தி தற்செயலாக அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்பதால்தான் இந்தப் பாடம் இத்தனை தலைமுறை தப்பிப் பிழைத்திருக்கிறது.

ஒரு குழுவுக்கு முதலில் 2.4 வந்தது. அதை எழுதிய பையன் ரப்பரால் அழித்து 3 என்று போட்டான். எனக்குச் சரியான விடை பிடிக்கும் என்று அவன் எட்டு வருடம் பள்ளியில் கற்றிருந்தான். ரப்பர் எல்லாவற்றையும் வாங்கி மேசையில் வைத்தேன். இனி பேனாவில்தான் எழுத வேண்டும், தப்பு என்று தோன்றினால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுது, கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும் என்றேன். அறிவியல் வகுப்புக்கு ஒரே ஒரு விதி வைக்க அனுமதி உண்டென்றால் நான் இந்த விதியைத்தான் வைப்பேன்.

ஒருவன் என் கைப்பேசியை வாங்கி மெதுவாக ஓடும்படி வீடியோ எடுத்தான். அதில் எல்லாம் தெரிந்தது. சுடர் எரியும்போது தண்ணீர் ஏறவே இல்லை என்று சொல்லலாம். அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்வதால் ஏறுகிறது என்றால் எரியும்போதே அல்லவா ஏறியிருக்க வேண்டும்? பாட்டிலைக் கவிழ்க்கும் கணத்தில், விளிம்பில், என் குமிழிகள். 1980இல் சிவப்புக் கோடு விழுந்த அதே குமிழிகள்.

சுடர் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிந்து, ஒரு பகுதி விளிம்பு வழியே வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, எரிந்ததில் உண்டான நீராவியும் குளிர்ந்து நீராகிறது. வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடர் என்றால் சூடு அதிகம், வெளியேறும் காற்று அதிகம், ஏறும் தண்ணீரும் அதிகம். ஆக்சிஜன் செலவாவது உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வந்து சேர்கிறது, அது அவ்வளவு சீக்கிரம் தண்ணீரில் கரைவதில்லை. அதோடு, ஆக்சிஜன் முழுதும் தீரும்வரை மெழுகுவர்த்தி எரிவதும் இல்லை. பெரும்பகுதி உள்ளே இருக்கும்போதே அணைந்துவிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பைசாந்தியத்தைச் சேர்ந்த ஃபைலோ என்ற கிரேக்கர் எழுதி வைத்த சோதனை இது. கண்டதைச் சரியாகத்தான் எழுதினார். நடுவில் ஒரு கேள்வி கேட்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு என்பதே பொய்யா? பிள்ளைகள் அதையும் கேட்டார்கள். சூடு இல்லாமல் ஆக்சிஜனை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒன்று வேண்டும் என்று பேசி, துரு என்ற இடத்துக்கு வந்தோம். பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை நனைத்துப் பாட்டிலின் அடியில் திணித்துக் கவிழ்த்து வைத்தோம். மூன்று நாள் ஆகியும் தண்ணீர் ஏறவில்லை. அது துருப்பிடிக்காத எஃகு என்று நான்காம் நாள்தான் எங்களுக்கு உறைத்தது. பிறகு லேத் பட்டறையிலிருந்து இரும்புச் சீவல் வாங்கி வந்து, எண்ணெய் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியில் முடிந்து வைத்தோம். இரும்பு வைக்காத பாட்டில் ஒன்று பக்கத்தில், அதன் இருபத்தேழாந்தேதியாக. தினமும் காலை வழிபாடு முடிந்ததும் ஜன்னலுக்கு ஓடுவார்கள். ஒன்பது நாள். தண்ணீர் மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவாக ஏறி நின்றது. அதற்குமேல் நகரவில்லை. வெறும் பாட்டிலில் அசைவே இல்லை. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. வேதியியலாளர் லவாய்சியர் பாரிசில் பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் இடைவிடாமல் சூடாக்கி அறிந்ததை, எங்கள் பிள்ளைகள் ஒன்பது நாள் துருவில் கண்டார்கள். மார்ச்சில் கொரோனாவால் பள்ளி மூடியபோது அந்தப் பாட்டில் ஜன்னலில்தான் இருந்தது.

இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. அலமாரிப் பூட்டு திறந்துவிட்டது. பல அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. 2022இல் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் எளிய சோதனைகளைக் கொண்டுபோகிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். 1987 முதல் துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழ் தமிழில் இதையெல்லாம் எழுதி வருகிறது. நான் படித்த காலத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. இவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஒரு கவலை உண்டு. சென்ற ஆண்டு ஓய்வு பெறுவதற்குமுன் ஒரு வகுப்பில் திரையில் மெழுகுவர்த்திச் சோதனை ஓடியதைப் பார்த்தேன். நல்ல வெளிச்சம், இசை, தெளிவான தமிழ். தண்ணீர் ஏறியது, ஐந்தில் ஒரு பங்கு என்று எழுத்து வந்தது. குமிழி வந்த கணம் வெட்டப்பட்டிருந்தது. அன்று அலமாரிக் கண்ணாடிக்கு அப்பால் சோதனை இருந்தது, இன்று திரைக்கு அப்பால் இருக்கிறது. இரண்டிலும் பிள்ளையின் கையில் தண்ணீர் படவில்லை. திரையில் ஓடும் சோதனை ஒருநாளும் தோற்காது. துருப்பிடிக்காத கம்பியை வைத்து மூன்று நாள் ஏமாறுவதற்கு அதில் இடமில்லை. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் பெட்டியைத் திறந்து, காட்டி, மூடி எடுத்துக்கொண்டு போகும் சோதனையிலும் இதே குறைதான். மறுநாள் செய்து பார்க்கப் பொருள் அங்கே இருக்காது.

அதனால் ஆசிரியத் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. வகுப்பின் ஒரு ஜன்னலை ஒதுக்குங்கள். அதில் ஒரு பாட்டிலோ கொட்டாங்கச்சியோ பத்து நாள் அசையாமல் இருக்கட்டும். பிள்ளை காண்பனவில் எழுதும் எதையும் அடிக்காதீர்கள், உங்களுக்கு அது தேவையில்லாததாகத் தெரிந்தாலும்.

2031 மே 21, புதன்கிழமை, தென்தமிழகத்தில் மறுபடியும் வளையக் கிரகணம். கோடை விடுமுறை. பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். ஊரில் எங்காவது பழைய உலக்கை இருந்தால் விறகுக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். 21ஆம் தேதி நிறுத்திப் பாருங்கள். 22ஆம் தேதியும் நிறுத்திப் பாருங்கள்.